கோவிந்தனின் வலது முழங்கால்

போன ஞாயிறு கள்ளக்குறிச்சியில் மேட்னி ஷோ போயிருந்தேன். கால்பந்துப் படம். கூட வந்தவர்கள், பக்கத்து வீட்டு ஷேர் ஆட்டோ டிரைவர் கோவிந்தனும் அவர் மனைவி செல்வியும்.

கோவிந்தன் கல்வராயன் மலைக்காரர். மேட்டிலும் பள்ளத்திலும் பந்து உதைத்துப் பழகி, கொல்கத்தா கிளப் ஒன்றுக்கு மூன்று சீசன் ஆடியவர். பிறகு திரும்பிவிட்டார். ஏன்? "கால்ல அடி. நானே போதும்னு வந்துட்டேன்" - கல்யாணமான நாளிலிருந்து செல்வியிடம் அவர் சொன்னது இதுதான்.

இந்தப் படத்தில் ஹீரோ ஆடும் குளோசப் கால்கள் கோவிந்தனுடையவை. டூப்! அதைப் பார்க்கத்தான் செல்வி எங்களை இழுத்து வந்திருந்தார். கோவிந்தனுக்கு என்னவோ வர மனசே இல்லை.

இடைவேளைக்குப் பிறகு காரணம் புரிந்தது. திரையில் ஹீரோவின் முழங்கால் பிசகுகிறது. கிளப் டாக்டர் ஊசி போட்டு மறுபடி மைதானத்தில் இறக்கிவிடுகிறார். கால் மொத்தமாகப் போன பிறகு மேனேஜர் கூப்பிடுகிறார். உட்காரக்கூடச் சொல்லவில்லை. "வேற ஆள் பார்த்தாச்சு. ரூமைக் காலி பண்ணு."

செல்வி மெல்லக் கணவர் பக்கம் திரும்பினார்.

"இன்னாங்க... உங்களையும் இப்டிதான் பண்ணாங்களா?"

"படத்துல ஒரு ஊசி. எனக்கு நாலு."

"ஏன் சொல்லல?"

"தொரத்திட்டாங்கன்னு எப்டி சொல்றது?"

செல்வி கணவருடைய வலது முழங்காலில் கையை வைத்துக்கொண்டார். நானோ திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். வேறெங்கே பார்ப்பது?

கடைசி மேட்ச். பந்து நாலு பேரைத் தாண்டி வலைக்குள் போனது. பின் வரிசையில் ஒருவர் கத்தினார்: "ஹீரோ இன்னாமா ஆடறான்டா!"

செல்வி எழுந்துவிட்டார்.

"ஹீரோ இல்லீங்க. அது எங்க வூட்டுக்காரரு காலு! கொல்கத்தாவுல ஆடுனவரு. ஊசி போட்டுப் போட்டே கெடுத்தானுங்க... அப்பவும் எப்டி ஆடறாரு பாருங்க!"

அவ்வளவுதான், விசில், கைதட்டல்! கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டார் - சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால் வேறு என்ன செய்வார் மனுஷன்?

வெளியே செல்ஃபிக்குக் கூட்டம். "பேன்ட்ட தூக்குங்க, தழும்பு தெரியட்டும்" என்று செல்வியே டைரக்டராகிவிட்டார்.

விளையாட்டில் நாம் கைதட்டுவது முகங்களுக்கு. உடைவது என்னவோ கால்கள்தான். அந்தக் காலைக் கோவிந்தன் அவமானமென்று மறைத்து வைத்திருந்தார். செல்விக்கு அது சொத்து. எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் போனது, பக்கத்து வீடாச்சே!

டைட்டிலில் அந்தக் கால்களுக்குப் பெயர் போடவில்லை. இங்கே நான் போட்டுவிட்டேன்.