மூன்றாம் அங்கத்தில் ஒரு சித்தி

யூகெத் மார்சோலியே எங்கள் நாடக அரங்கில் இருக்கை காட்டும் வேலை பார்த்தாள். நான் வாசலருகே கோட்டுகளை வாங்கி மாட்டுபவள். அந்த வருடம் பாரிஸே விழுந்து விழுந்து சிரித்த கேலி நாடகம் எங்களுடையதுதான். பொத்தான் வியாபாரி ஒருவன் வீட்டு ரகசியங்கள் கதவுக்குக் கதவு வெளியே வரும். மூன்றாம் அங்கத்தில் அந்த வீட்டுப் பெண்ணிடம் அவள் சித்தி, "நான் உன் சித்தி இல்லடி, உன் அம்மா" என்பாள். அரங்கமே அதிரும். யூகெத் மட்டும் அந்த நேரத்தில் வெளியே போய்விடுவாள்.

காரணம் எனக்குத் தெரியும். பதினேழு வயதில் அவளுக்குப் பிறந்த மகள் மிரேயை, ஊர் வாய்க்குப் பயந்து, யூகெத்தின் அம்மா தன் பிள்ளையாகவே, யூகெத்துக்குத் தங்கையாக, சொந்த ஊரான நெவேரில் வளர்த்தாள். அம்மா இறந்த பிறகும் உண்மையைச் சொல்ல யூகெத்துக்கு வாய் வரவில்லை.

நாடகம் சினிமாவாகி நெவேருக்கும் போனது. அடுத்த ஞாயிறு மதியக் காட்சிக்கு மிரே வந்து நின்றாள்.

"படம் பாத்தேன்க்கா. நாடகம் இன்னும் நல்லா இருக்குமாமே? நல்ல சீட்டா காட்டு."

காட்சி முடிந்து எதிர் காப்பிக் கடையில் மூவரும் வெங்காய சூப் குடித்தோம். மிரே ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்:

"அந்தச் சித்தி மூணாவது அங்கத்துலயே சொல்லிட்டா. நீ எப்ப சொல்லப்போற?"

யூகெத்தின் கரண்டி நின்றது. "யாருடி சொன்னா?"

"யாரு சொல்லணும்? அம்மாவுக்கு அம்பது வயசுல நான் பொறந்தேனாம்! கண்ணாடியில பாத்தா உன் மூக்கு."

"கோவமில்லையா?"

"இருந்துச்சு. படத்துல அவ சொன்னதும் எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சப்போ கோவத்தக் காணோம்."

யூகெத் அழுதாள். "மூக்கச் சிந்தும்மா, சூப்புல விழுது" என்றாள் மிரே. அந்த 'அம்மா' அவள் வாயில் தானாக வந்தது.

மறுநாள் யூகெத் நடிகர்கள் எல்லோருக்கும் ஆப்பிள் கேக் சுட்டு வந்தாள். பொத்தான் வியாபாரியாக நடித்தவர் திகைத்தார்.

"எதுக்கும்மா?"

"சும்மா. மூணாவது அங்கத்துல எல்லாரும் நல்லா கத்துனீங்க."

பல வருடம் கழித்து அதே கதையை வேறு நடிகர்களை வைத்துத் திரும்பவும் படமாக்கினார்கள். தாயும் மகளும் சேர்ந்து போனார்கள். படம் சுமார்தான் என்றாள் யூகெத். "ஆனா இத முதல்ல எழுதின மனுஷன் நல்லா இருக்கணும்."