பாக்கெட் மட்டும் தைத்த மூன்று மாதம்

நான்கு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான், நாற்பத்தாறு வயதாகியும் மாறவில்லை. அப்படிப்பட்ட நான் ஒரு அதிகாரியிடம் வாய் திறந்தேன் என்றால், அதற்கு ஒரு காலர்தான் காரணம்.

சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் போகும் சாலையில் ஒரு சட்டைக் கம்பெனி. அரசாங்கச் செலவில் அங்கே மூன்று மாதம் தையல் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தால் முழுச் சட்டை தைக்கத் தெரிந்தவர் என்று சான்றிதழ். கற்றுக்கொண்டு வீட்டிலேயே தையல் கடை போட வேண்டும் என்று சேர்ந்தேன்.

முதல் நாள் பாக்கெட் தைக்கச் சொன்னார்கள். மறுநாளும் பாக்கெட். மூன்று மாதமும் பாக்கெட். அதெல்லாம் கம்பெனிச் சட்டைகளில் ஏறி வெளியூர் போயிற்று. காலர் மிஷின் பக்கம் போனால் சூப்பர்வைசர் தம்பி தடுப்பான். "யக்கா, பாக்கெட்டு நல்லா வருதுல்லா, அதையே பாருங்க."

கடைசி வாரம் பயிற்சியைப் பார்வையிட அரசாங்க அதிகாரி வந்தார். அன்று காலையில், கம்பெனி ஆட்கள் தைத்த முழுச் சட்டைகளில் எங்கள் பெயர்ச்சீட்டைக் குத்தி ஆளுக்கொன்றாக விரித்து வைத்தார்கள்.

"கேட்டா, நான்தான் தச்சேன்னு சொல்லிருங்க," என்றான் சூப்பர்வைசர்.

பனவடலிசத்திரத்திலிருந்து வரும் பக்கத்து மிஷின்காரி என் காதில், "யக்கா, ஒங்க சட்டைக்கு மாப்பிள்ளையே பாத்துரலாம் போலுக்கே" என்றாள்.

அதிகாரி என் முன்னால் நின்று காலரைத் தடவினார். "நல்லா வந்திருக்கே. எவ்வளவு நேரமாச்சும்மா?"

"இது நான் தைக்கல சார். எனக்கு பாக்கெட்டு மட்டுந்தான் தெரியும்."

சூப்பர்வைசர் சிரித்தான். "யக்கா கூச்சப்படுதாவ சார்."

"கூச்சம் உண்டு சார். காலரும் தெரியாது."

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் சூப்பர்வைசர், "சும்மா சொல்லிக் குடுக்கதுலயும் கொறையா?" என்று எகிறினான்.

சும்மா இல்லை. நான் வாங்கும் சோப்பிலும் வரி இருக்கிறது. அந்தப் பணத்தில் நடந்த பயிற்சி அது. கம்பெனிக்குப் பாக்கெட் தைக்க ஆள் வேண்டுமென்றால் முதலாளி தன் செலவில் பழக்கட்டும். ஊர்ப் பணத்தில் பழக்கினால், நான் எங்கே போனாலும் பிழைக்கிற மாதிரி முழுச் சட்டையும் சொல்லித்தர வேண்டும்.

சான்றிதழ் கொடுத்த அன்று, முழுச் சட்டையும் கற்றுக்கொண்டோம் என்று ஒரு நோட்டில் கையெழுத்துக் கேட்டார்கள். எல்லோரும் போட்டால்தான் அரசாங்கம் கம்பெனிக்கு மீதிப் பணத்தைக் கொடுக்கும் என்று பேசிக்கொண்டார்கள். நான் பேனாவைத் தொடவில்லை.

"காலர் படிச்சிட்டுப் போடுதேன் தம்பி."

"அப்ப நாளைக்கும் வருவியளோ?"

"வாரேன்."

மறுநாள் பாக்கெட் மிஷினைத் தாண்டிப் போய்க் காலர் மிஷினில் உட்கார்ந்தேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தடவை காட்டித் தந்தான். என் முதல் காலர் கோணிக்கொண்டு நின்றது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தேன். நோட்டு அவன் மேசையில் திறந்தே கிடந்தது, என் பெயருக்கு நேரே மட்டும் வெறுமையாக.