தையலில் நின்ற மஞ்சள்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இந்த நாளில் வீடு தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றி எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டபோது, வேறு யாரையாவது பாருங்கள் என்றுதான் சொன்னேன். டீச்சர் வேலை பார்க்கிறவள் நீதானே, உனக்குத்தான் எழுத வரும் என்று சொல்லிவிட்டார்கள். காலையில் பஸ் ஏறிக் கல்வராயன் மலையில் இருக்கும் பள்ளிக்குப் போய், சாயங்காலம் இறங்கி வந்து சோறாக்கி முடிப்பதற்குள் எனக்குக் கை ஓய்ந்துவிடுகிறது. இதை அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்துதான் நாலைந்து நாளாக எழுதினேன். வளைவுகளில் பேனா இழுத்துக்கொண்டு போன இடங்கள் உண்டு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது சின்னசேலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். அப்பா குத்தகைக்கு நிலம் உழுதவர். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். எனக்கும் அண்ணனுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். இரண்டு வருடம் தொடர்ந்து மழை பொய்த்ததில் அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, சின்னசேலத்தில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போனார். அங்கே கார்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை ஒன்றில் சேர்ந்தார். நான் ஆசிரியர் பயிற்சி முடித்தது அவர் தைத்த தையலில்தான். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நானும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. கூடப் பிறந்தவர்களுக்குள் அப்படிச் சொல்லிக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளில் எங்கே இருக்கிறது?

சென்னையில்தான் அவருக்கு அசல் தோல் சீட்டின் பழக்கம் வந்தது. தைப்பதைவிட அதைத் துடைத்துப் பராமரிப்பதில் அவருக்கு மனம் போனது. அப்பா காலமான பிறகு ஊர் திரும்பி, கள்ளக்குறிச்சியில் சேலம் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை போட்டு, தோல் சீட் சுத்தம் செய்து தரப்படும் என்று பலகை எழுதி மாட்டினார். கரும்பு டிராக்டர் போகிற ரோட்டில் யார் தோல் சீட்டைத் துடைக்க வரப் போகிறார்கள் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலர் இன்று இந்த மலரைக் கையில் வைத்திருப்பார்கள். முதல் ஒரு வருடம் அவர்கள் சொன்னது போலத்தான் இருந்தது. அதன் பிறகு கார்கள் வந்தன.

அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் நமக்குப் பொறுமை போய்விடும். முதலில் தையல் குழிகளில் இருக்கும் தூசியை மெல்லிய பிரஷால் எடுப்பார். பிறகு ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரை அடிப்பார். நுரையை மட்டும்தான் தொடுவார், தண்ணீரைத் தொடமாட்டார். ஒரு உள்ளங்கை அகலம் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, அடுத்த உள்ளங்கை அகலத்துக்குப் போவார். முழுவதும் முடிந்த பிறகு நிழலில் விசிறி போட்டுக் காய வைப்பார். காய்ந்த தோலில் கண்டிஷனர் என்னும் களிம்பை விரல் நுனியால் மெல்லிசாகத் தடவி, தோல் அதைக் குடிக்கும் வரை காத்திருந்து, உலர்ந்த துணியால் மெருகேற்றுவார். ஒரு காருக்கு ஒரு நாள். சுத்தம் செய்கிற கார் மேல் வெயில் பட்டால் அவருக்கு ஆகாது. வேலை நடக்கும்போது கொட்டகையின் மேற்குப் பக்கம் எப்போதும் படுதா தொங்கும்.

இவ்வளவு செய்து முடித்தால் சீட் பளபளக்காது. நல்ல தோல் மங்கலாகத்தான் இருக்க வேண்டுமாம். வண்டியை எடுக்க வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, துடைத்ததே தெரியவில்லையே என்பார்கள். அண்ணனோ, கையை வைத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்வார்.

மலையில் பலாப்பழம் வரும் காலத்தில் அவருக்கு வேலை அதிகம். பழத்தைப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். பால் ஒட்டிக்கொள்ளும். கையில் ஒட்டிய பலாப் பாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே, அதையே சீட்டிலும் ஊற்றித் தேய்ப்பார்கள். பால் போய்விடும், எண்ணெய் தோலுக்குள் இறங்கிவிடும். ஒரு வீட்டில் பெண் அழைப்புக்கு அப்படிப்பட்ட வண்டியையே அனுப்பி, மணப்பெண்ணின் பட்டுப்புடவை முதுகெல்லாம் எண்ணெய் ஆகிவிட்டது. மறுநாள் அந்த வண்டி கொட்டகைக்கு வந்தது. அண்ணன் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, இது போகாது என்றார். மாப்பிள்ளையின் அப்பா பக்குவமாகக் கேட்டுப் பார்த்தார், கோபமாகவும் கேட்டார். அண்ணன் அதே வார்த்தையைத்தான் சொன்னார்.

அதுதான் அண்ணனின் குணம். போகிற கறையைப் போகும் என்பார், போகாததைப் போகாது என்பார். நடுவில் ஒன்றும் கிடையாது. கறை மேல் உறை போட்டு மூடுவது அவருக்கு அறவே பிடிக்காது. இதனால் அவரைத் திமிர் பிடித்தவர் என்று சொன்னவர்களும் உண்டு. நானே சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது தெரிந்தது. வாரத்துக்கு இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும், விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போய் டயாலிசிஸ் முறையில் ரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வர வேண்டும். அண்ணி கொட்டகையைப் பார்த்துக்கொண்டார்கள், நான் லீவு போட்டு அண்ணனோடு போனேன். அவருடைய பழைய வாடிக்கையாளர், அரிசி மில் வைத்திருக்கும் ஐயா, தம் காரையும் டிரைவரையும் அனுப்பி வைத்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. வெளிர் சந்தன நிறத்தில் அசல் தோல் சீட் போட்ட கார் அது. அதை வருடத்துக்கு இரண்டு முறை துடைத்துக் கொடுத்தவர் அண்ணன்தான். இப்போது நோயாளியாக அதில் ஏறும்போது, ஒரு பருத்தித் துண்டை விரித்து அதன் மேல்தான் உட்காருவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போது, திருநாவலூருக்குக் கொஞ்சம் முன்னால், கையில் ஊசி குத்திய இடத்துக் கட்டு அவிழ்ந்துவிட்டது. நான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன். விழித்தபோது துண்டைத் தாண்டிச் சீட்டில் ரத்தம். டிரைவர் வண்டியை ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் நிறுத்தினார். நான் இறங்கி ஓடினேன். கடைக்காரம்மாவிடம் ஒரு கை மஞ்சள் தூள் வாங்கி வந்து காயத்தில் அப்பினேன், பாதி சீட்டில் சிந்தியது. சின்ன வயதில் கால் வெட்டிக்கொண்டால் அம்மா செய்வது அதுதான். பிறகுதான் டிரைவர் தன் துண்டால் இறுக்கி அழுத்திப் பிடிக்கச் சொல்ல, ரத்தம் நின்றது. டயாலிசிஸ் கையில் மஞ்சள் தூளைப் போடலாமா என்று மருத்துவமனை நர்ஸம்மா பிறகு போனில் என்னைப் பிடித்துக் கத்தினார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கொட்டகைக்கு வந்ததும் அண்ணன் ஒரு கையாலேயே குளிர்ந்த தண்ணீர் வைத்து ஒற்றி ஒற்றி ரத்தத்தை எடுத்துவிட்டார். அதன் கீழே மஞ்சள் நின்றது. இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் பளிச்சென்ற மஞ்சள். நுரை வைத்தார், போகவில்லை. மறுபடியும் வைத்தார். பிறகு பிரஷைக் கீழே வைத்துவிட்டு, கொட்டகையை ஒட்டிய வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கார் வந்து வாசலில் நின்றது. அண்ணன் ஏறமாட்டேன் என்றார்.

"அடுத்தவங்க சீட்ட நாசம் பண்ணிட்டு அதுமேலயே போய் குந்த சொல்றியா பாப்பா?"

மில் ஐயாவே போன் செய்தார். ஒரு உறை போட்டால் தீர்ந்தது, இதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். உறை என்ற வார்த்தையைக் கேட்டதும் அண்ணனுக்கு முகம் இன்னும் சுருங்கிவிட்டது. வாடகைக் கார் பிடிக்கிறேன் என்றேன். அதற்கும் வரவில்லை. பஸ்ஸில் போகலாம் என்றார். பஸ் நிறுத்தம் வரைகூட நடக்க முடியாதவர் பேசுகிற பேச்சா அது? அந்த வெள்ளிக்கிழமை அப்படியே போய்விட்டது. சனிக்கிழமை காலையில் அவருக்கு முகமும் காலும் வீங்கியிருந்தன. செவ்வாயும் தவறினால் மூச்சுக்கே ஆபத்து என்று டாக்டர் போனில் சொன்னார்.

அன்றுதான் நான் அண்ணனிடம் பேசக் கூடாததைப் பேசினேன். இங்கே எழுத வேண்டாம் என்று அண்ணி சொன்னார்கள். எழுதாவிட்டால் எனக்கு ஆறாது.

"சீட்டுக்கு குடுக்கற மரியாதைய உன் உசுருக்கு குடுணா. தூங்கி எத்தினி நாளாச்சி தெரியுமா எனக்கு? என்னால முடியல. நீ போறதுன்னா போயிடு."

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் கொல்லைப்புறம் போய் அழுதேன். அங்கே கொடியில் என் வெள்ளை ரவிக்கை காய்ந்துகொண்டிருந்தது. போன வாரம் குழம்பு சிந்திய இடம் வெயிலில் வெளுத்திருந்தது. மஞ்சள் கறைக்கு வெயில்தான் மருந்து என்று துணி துவைக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தோல் சீட்டை வெயிலில் காட்டுவதை அண்ணன் கொலைக் குற்றமாக நினைப்பவர் என்பதால் அந்த நினைப்பே அதுவரை எனக்கு வரவில்லை.

அவரிடம் போய்ச் சொன்னேன்.

"வெயில்லயா? தோலு வெடிச்சிக்கினு பூடும். உனக்கு இன்னா தெரியும்?" என்றார்.

எனக்குத் துணி துவைக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போன் போட்டேன். ஐயா மறுபேச்சில்லாமல் காரை அனுப்பினார்.

அண்ணனின் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து சீட் முழுவதும் போர்த்தி, மஞ்சள் இருந்த இடத்தை மட்டும் திறந்து விட்டேன். கார்க் கதவை வெயில் வரும் பக்கம் பார்த்துத் திறந்து வைத்தோம். கால் மணி நேரம் வெயில், அரை மணி நேரம் நிழல். ஒவ்வொரு முறையும் புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்தேன். வேட்டி காயக் காய நனைத்தேன். சனிக்கிழமை பொழுது சாயும் வரை, ஞாயிற்றுக்கிழமை முழுவதும். ஜன்னல் வழியாக அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் பிற்பகலில் மட்டும், வேட்டிய இன்னும் கொஞ்சம் இழுத்து வுடு என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. அன்று சாயங்காலம் பார்த்தபோது என் கண்ணுக்கு மஞ்சள் தெரியவில்லை. ஆனால் என் கண்ணை யார் நம்புவது?

திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். அண்ணியும் நானும் அண்ணனைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் பின் சீட்டில் உட்கார வைத்தோம். அவர் துண்டு கேட்கவில்லை. விரலால் தடவிப் பார்த்தார். தோல் வறண்டு போயிருக்கிறது என்று சொல்லி, கண்டிஷனர் டப்பாவைக் கொண்டு வரச் சொன்னார். வீங்கிய விரல்களால் எடுத்து, எப்போதும் போல மெல்லிசாகத் தடவினார். அவர் கையால் செய்த கடைசி வேலை அது. பிறகு தையல் ஓரமாகக் குனிந்து வெகு நேரம் பார்த்தார்.

"போயிடுச்சி பாப்பா. சுத்தமா போயிடுச்சி. நீ போய் படு" என்றார்.

கறை விஷயத்தில் அண்ணன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. கொட்டகையில் இருந்த பாயிலேயே சாய்ந்தேன். சாயங்காலம் அண்ணி வந்து எழுப்பும் வரை எனக்கு நினைவில்லை. மறுநாள் அண்ணன் அதே காரில் ஏறி விழுப்புரம் போனார். அதன் பிறகு எட்டு மாதம் எங்களோடு இருந்தார். ஒரு முறைகூடத் தவறவில்லை. கடைசியில் இதயம் நின்றதுதான். காலை இட்லி சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே இருந்தார். அதிகம் கஷ்டப்படவில்லை என்று டாக்டர் சொன்னார்.

போன மாதம் இந்த நினைவு நாளுக்குச் சொல்ல மில்லுக்குப் போயிருந்தேன். பஸ் நிலையத்தில் இறக்கிவிடச் சொல்லி ஐயா தம் காரிலேயே என்னை அனுப்பினார், அவரும் கூட ஏறிக்கொண்டார். பின் சீட்டில் உட்கார்ந்த நான் தற்செயலாகக் குனிந்து பார்த்தேன். தையல் நூலில், வெயில் இறங்காத குழிக்குள், ஒரு விரல் நீளத்துக்கு மஞ்சள் அப்படியே இருந்தது.  கறை திரும்ப வந்துவிட்டதா ஐயா என்று கேட்டேன்.

"அது அன்னிக்கே இருந்ததும்மா" என்றார் ஐயா. "உங்க அண்ணன் அன்னிக்கு மத்தியானமே எனக்கு போன் பண்ணாரு. தையல்ல மஞ்சள் நிக்குதுங்க, அது போகாதுங்க, என்ன மன்னிச்சிக்கங்கன்னாரு. என் தங்கச்சிக்கு மட்டும் தெரிய வேணாம், போயிடுச்சின்னு சொல்லித்தான் அவள தூங்க வெச்சிருக்கேன், கொஞ்ச நேரம் தூங்கட்டும்னாரு."

பஸ் நிலையம் வரும் வரை அந்த நூலை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். அண்ணன் தம் வாழ்நாளில் போகாத கறையைப் போய்விட்டது என்று சொன்னது அந்த ஒரு முறைதான். போகாது என்று தெரிந்தும் அதன் மேலேயே எட்டு மாதம் உட்கார்ந்து போய் வந்திருக்கிறார். அது எனக்காகத்தான் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அண்ணா, நான் அன்று பேசியதை மன்னித்துவிடு.

அண்ணனை அக்கறையோடு பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், என்னைத் திட்டிய நர்ஸம்மாவுக்கும், தம் துண்டைக் கொடுத்த டிரைவருக்கும், கேட்டதும் மஞ்சள் தூளை அள்ளிக் கொடுத்த பெயர் தெரியாத அந்தக் கடைக்காரம்மாவுக்கும், கொட்டகையை இன்றும் திறந்து வைத்திருக்கும் அண்ணிக்கும் எங்கள் நன்றி. அந்தச் சீட்டுக்கு இதுவரை உறை போடாத மில் ஐயாவுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். பந்தி முடிந்ததும் நான் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வேன். விடைபெற்றுக்கொள்ள என்னைத் தேடினால் எழுப்ப வேண்டாம். கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.