ஒட்டுப்பால் பந்து

ஈப்போவில் எங்கள் கல்லூரிக் கூடைப்பந்துக் குழுவில் எனக்கு இடம் கிடைத்த அன்று, புதுத் தோல் பந்துக்குள் வைக்கும் ரப்பர்ப் பையை ஊத வாயருகே கொண்டுபோனேன். அந்த வாடை என்னை ரப்பர்த் தோட்டத்து லய வீட்டுக்கே இழுத்துப் போய்விட்டது.

பால்மரம் சீவிய அம்மா, பட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துச் சுற்றி எனக்குப் பந்து செய்து தந்தாள். மரக்கிளையில் பழைய பால்வாளியைக் கட்டி, அதற்குள் எறிந்து விளையாடினேன். ஒட்டுப்பாலும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் சொத்துதான். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் கங்காணி அந்தப் பந்தைத் தூக்கிக் காட்டினார்.

“யாரு திருடுனது?”

“நாந்தாங்கய்யா. புள்ள வெளயாட,” என்றாள் அம்மா.

அவள் விரல்களில் பிரம்பு விழுந்தது. பின்னாளில் அவள் காய்ச்சலில் சாகும்வரை அவை நிமிரவேயில்லை.

“என்ன மச்சான் யோசன? ஊது லா!” என்றான் கூட ஆடுபவன்.

ஊதினேன். ஊத ஊத, மடங்கிக் கிடந்த பை நிமிர்ந்துகொண்டே வந்தது.