ஒன்றரை ஒட்சிசன்

பஸ்ஸில் டிக்கெட் இயந்திரம் 'டிக்' என்று முத்திரை குத்தும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஆய்வுகூடத்து உலை ஞாபகம் வரும். சிட்டிகையிலும் குறைந்த பொடியைத் தகரக் கூட்டில் மடித்து வைப்பேன். கருவி அதை 'டிக்' என்று நெருப்புக்குள் போடும். ஒரு மின்னல். பிறகு காபன், ஐதரசன், நைதரசன் எத்தனை வீதம் என்று எண்கள் வரும். மிச்சம் ஒட்சிசன். அவற்றிலிருந்து சூத்திரம் பிறக்கும்.

ஜெர்மனியின் வுப்பர்டாலில் என் புரோபட்சைட், அதாவது வேலை நிரந்தரமாகுமா என்று பார்க்கிற காலம், முடியப்போகிற கிழமை. ஆராய்ச்சி மாணவன் செந்தில், மதுரைக்காரன், தான் செய்த பொருளைக் கொண்டுவந்தான். எரித்து, வந்த எண்களைக் கொடுத்தேன்.

"கார்பன் எழுபத்தொண்ணு வரணும்க்கா. அறுபத்தாறு போட்டிருக்கீங்க. எடை பார்க்கும்போது தும்மிட்டீங்களா?"

"தும்மியிருந்தா உங்கட பொடியே பறந்திருக்கும், தம்பி."

மூன்று தரம் எரித்தேன். அதே அறுபத்தாறு. மேலதிகாரி ஃபிராவ் பெக்கர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "பிழை அவருடையதா, உங்களுடையதா? வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தெரிய வேண்டும்." வெள்ளிக்கிழமைதான் என் வேலையையும் முடிவுசெய்கிற நாள்.

செந்தில் குரலைத் தாழ்த்தினான். "எழுபத்தொண்ணுன்னே போட்டுக் குடுத்துருங்கக்கா. ரெண்டு பேருக்கும் பிரச்சினை இல்ல."

"ஏலாது."

"ஏலாதுன்னா?"

"மதுரையில முடியாது எண்டால் என்னவோ, அதுதான்."

முறைத்தான். என் மேசையிலேயே இருந்து, ஒவ்வொரு வீதத்தையும் அந்தந்த அணுவின் எடையான அணுத்திணிவால் வகுத்தான். வந்தவற்றில் சிறியதால் எல்லாவற்றையும் திரும்ப வகுத்தான். காபன் எட்டு, ஐதரசன் பத்து, நைதரசன் ஒன்று, ஒட்சிசன் ஒன்றரை.

"அரை அணு ஏதுக்கா?" என்று சிரித்தவன், சிரிப்பை நிறுத்தி எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினான். அதில் அவனுடைய மூலக்கூறு இரண்டைக் கழித்தான். மிஞ்சியது ஐதரசன் இரண்டு, ஒட்சிசன் ஒன்று.

"அய்யோ, தண்ணிக்கா! பொடி காத்துல இருந்து தண்ணி குடிச்சிருக்கு!"

வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்திக் கொண்டுவந்தான். டிக். எழுபத்தொன்று.

முடிவை எடுத்துக்கொண்டு அவன் பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை. பெக்கரின் கதவைத் தட்டி, "என் மாதிரிப் பொடிதான் ஈரம், இவர் அந்த ஈரத்தையும் சரியாக அளந்திருக்கிறார்" என்று ஜெர்மனில் சொன்னான். நான் இன்றைக்கும் அந்த ஆய்வுகூடத்தில் இருக்கிறேன் என்றால், அந்த ஒரு வசனத்தால்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளே, வந்த எண்ணை வந்தபடி எழுதுங்கள். அரையாக வந்தால் அரையாகவே. விளக்கம் பிறகு வரும். சிலவேளை, உங்களோடு கோபித்தவர் கையாலேயே வரும்.

அன்று செந்தில் மிச்சப் பொடி இருந்த போத்தலைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"முறைச்சதுக்கு ஸாரிக்கா. போயிட்டு வரேன்."

"போட்டு வாங்கோ தம்பி. போத்தலை இறுக்கி மூடுங்கோ, வெளியில மழை."