மகனுக்கு இல்லாத நாற்காலி

“அப்பா போய்ட்டாருண்ணே” என்று கிளேபாங்கிலிருந்து தொலைபேசியில் சொன்னார் அங்கமுத்து ஐயாவின் மகள் கமலா. “கொள்ளிச்சட்டிய நீங்கதான் எடுக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு.”

நானா? அந்த மனிதரை மூன்று ஆண்டுகள் துரோகி என்று நினைத்தவனாயிற்றே நான்! இதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுதினால் அது பொய்யாகிவிடும்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். எங்கள் ஊரான காஜா பெராங்கில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரோடு இருந்தோம். இளைஞர்களை லோரியில் அள்ளிக்கொண்டுபோய் சயாம் ரயில்பாதை வேலையில் தள்ளினார்கள். அந்த நேரத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போய், “இருபது வயசுப் பையன் இருக்கானா?” என்று கேட்டால் யார்தான் கதவைத் திறப்பார்கள்?

ஐயா எங்கள் மரண சகாய சங்கத்தின் செயலாளர். அநாதைப் பிணங்களை அடக்கம் செய்யும் சங்கம் அது. பெரியவர்கள் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்துவிட, சங்கத்தை நடத்தும் செயலவைக்கு இளைஞர்கள் வேண்டும் என்றார். கதவிடுக்கு வழியாகவே பேசினேன்.

“பேரு எதுக்குங்க?”

“செயலவைக்குத்தான் தம்பி. பதினொரு பேர்ல ஒரு இடம் காலியா இருக்கு. பயப்படாம வாங்க.”

பயப்படாமல் வரச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ‘இந்த ஆளு ஜப்பான்காரனுக்குப் பட்டியல் குடுக்கிறான்’ என்று அம்மாவிடம் சொன்னேன். வேவு பார்க்கவே சங்கத்தில் சேர்ந்தேன்.

முதல் கூட்டத்தில் ஆளுக்கொரு வெள்ளைக் கைப்பட்டை கொடுத்தார். அதில் ஜப்பான் முத்திரை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஊரான் வீட்டுப் பிள்ளைங்கள்லாம் வந்தாச்சு. உங்க மகன் எங்க ஐயா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

“ஒரே வீட்டுலேர்ந்து ரெண்டு பேர் செயலவையில இருக்கக்கூடாது. சங்கச் சட்டம்” என்றார். குரல் உயரவில்லை. நல்ல சாக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரங்களில், பிணம் தூக்கிப்போன எங்களை ஆள்பிடிக்கும் லோரி மறித்தது. சிப்பாய் என் பட்டையைப் பார்த்தான். மூங்கிலில் தொங்கிய பிணத்தைப் பார்த்தான். போ என்று கையசைத்தான். அதே வாரம் ஐயாவின் மகன் சண்முகத்தைப் பிடித்துப்போனதாகச் செய்தி வந்தது. அப்போதும் நான் நம்பவில்லை. மகனை எங்கோ பத்திரமாக ஒளித்துவிட்டு நாடகம் ஆடுகிறார் என்றே சொல்லித் திரிந்தேன். எப்படிப்பட்ட புத்தி பாருங்கள்.

போர் முடிந்து, சயாமில் மிஞ்சியவர்கள் லோரிகளில் திரும்பினார்கள். ஒவ்வொரு லோரி வரும்போதும் ஐயா போய் நின்றார். இறங்கும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். கடைசி லோரியும் காலியானபோது நான் அவர் பக்கத்தில் நின்றிருந்தேன். நாடகம் என்று நான் சொல்லித் திரிந்தது பொய் என்பது அப்போதுதான் உறைத்தது.

“நீங்க விலகி மகனுக்கு இடம் குடுத்திருக்கலாமே ஐயா?”

“என் கையெழுத்துக்குத்தான் ஜப்பான்காரன் முத்திரை போட்டான். நான் விலகினா எல்லார் பட்டையும் செல்லாது. சட்டப் புத்தகமும் அவன் கையில இருந்துச்சு. என் வீட்டுலேர்ந்து ரெண்டு பேருன்னு தெரிஞ்சா மொத்தமும் போலின்னு கிழிச்சிருப்பான்.”

“எங்ககிட்ட முதல்லேயே சொல்லியிருக்கலாமே?”

“பட்டைக்காக வர்றவன் பிணம் தூக்க மாட்டான் தம்பி.”

காலியாக இருந்த கடைசி இடத்தில் சேர்ந்தவன் நான். அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. இத்தனை ஆண்டுகளில் நான் மன்னிப்பும் கேட்கவில்லை. 

நேற்று கொள்ளிச்சட்டியை ஏந்தி முன்னால் நடந்தேன். சுடுகாட்டில் பதிவேட்டுக்காரர் கேட்டார்: “இறந்தவருக்கு நீங்க என்ன உறவு?”

“மகன்” என்றேன்.

மகனாக இருந்திருந்தால் சட்டப்படி அன்று எனக்கு அந்தப் பட்டை கிடைத்திருக்காது, சயாமுக்குத்தான் போயிருப்பேன். அது தெரிந்துதான் சொன்னேன். போய் வாருங்கள், ஐயா.