லோரன்ஸின் வெள்ளைக் கற்கள்

விருந்துக்குப் போன வீட்டில் தேத்தண்ணீர் வருமுன்னே லோரன்ஸ் வீட்டைச் சூடாக்கும் பொயிலரைத் தேடிப் போய்விடுவார். அதன் அடியில் சொட்டும் நீரில், சட்டைப்பையில் தயாராக இருக்கும், புளிப்புச் சோதிக்கும் காகிதத் துண்டை நனைப்பார். அது சிவந்ததும் வீட்டுக்காரரிடம் நீட்டுவார். "அண்ணை, உங்கட பொயிலர் வினாகிரி காய்ச்சுது."

ஹோர்சன்ஸ் நகரில் காஸ் பொயிலர் பழுதுபார்ப்பது அவர் வேலை. புதுவகைப் பொயிலர்கள் புகையிலுள்ள சூட்டையும் விடாமல் பிழிந்தெடுக்கின்றன. அப்போது புகையின் ஆவி புளித்த நீராகி வடிகிறது. பழைய இரும்புக் குழாயை அது மெல்ல மெல்ல அரித்துவிடும். வழியில் ஒரு பெட்டி வைத்து வெள்ளைச் சலவைக்கல் சில்லுகளை நிரப்பினால் புளிப்பு அங்கேயே அடங்கும். "கல்லைத் தின்னக் குடுத்தால் குழாயைத் தின்னாது" என்று கலியாண வீட்டிலும் சொல்வார், செத்த வீட்டிலும் சொல்வார். ரண்டர்ஸில் இருக்கும் அக்கா தங்கமலர் அந்தப் பெட்டியை வாங்கித் தன் வீட்டில் பொருத்தியதே தம்பியின் வாய் ஓயட்டும் என்றுதான்.

நத்தார்ப் பண்டிகைக்கு முதல்நாள் மத்தியானம். அக்கா குடும்பம் ரயிலில் வந்துகொண்டிருந்தது. மனைவி கிளோறியா நிலவறையிலிருந்து கூப்பிட்டார். குழாய் மூட்டு அரித்துக் கசிந்து, அக்காவுக்கு விரித்திருந்த மெத்தை நனைந்து கிடந்தது.

"பொயிலர் தெரிஞ்ச ஆரையேன் கூப்பிடுங்கோவன்" என்றார் கிளோறியா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

லோரன்ஸ் தங்கள் வீட்டுக் குழாயிலிருந்த பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு கல் கூட இல்லை. போன நத்தாருக்குப் பாலன் குடிலில் ராசாக்கள் வரும் பாதை வெறுமையாகக் கிடக்கிறதென்று, ஒரு கிழமைக்குத்தானே என்று, அவரே அள்ளிக்கொண்டு போனவர். விழா முடிந்ததும் சொரூபங்களோடு கற்களும் பரணுக்கு ஏறின; இந்த நத்தாருக்கும் அப்படியே குடிலுக்கு இறங்கின. இவர் ஊரார் பொயிலருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"இது வேற ஆக்களின்ர வீடெண்டால் நான் இப்ப ஒரு மணித்தியாலம் பேசியிருப்பன்" என்று தன்னையே நொந்துகொண்டார். அரித்த மூட்டை மாற்ற வண்டியில் சாமான் இருந்தது. புதுக் கல்தான் இல்லை, கடைகளும் பூட்டு. நிலத்துக்குள் ஓடும் குழாயும் அரித்துப் போனால் வீட்டையே கிண்ட வேண்டியதுதான். பொயிலரை நிறுத்தினாலோ வந்தவர்கள் விறைத்துப்போவார்கள்.

"அக்கா வந்து குடிலைப் பாத்தால் என்ன சொல்லுவா?" என்றார் கிளோறியா.

"அவ முதல் திறந்து பாக்கிறது பெட்டியைத்தான். நான் பழக்கினது அப்பிடி."

லோரன்ஸ் வாளியோடு குடிலின் முன் முழங்காலில் இருந்தார். நள்ளிரவுப் பூசை முடிந்துதான் பாலனை வைப்பார்கள். அந்த மட்டில் நிம்மதி. ஆனால் பாலனின் வளர்ப்புத் தந்தையும் தச்சருமான சூசையப்பர் நேரே பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் ஒரு தொழிலாளி. லோரன்ஸ் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு அவரை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, முதல் கல்லை எடுத்தார்.